கதை காஞ்சிக்கு, நாம் சனத்நகருக்கு

ஹைதராபாத்திற்கு வருகிற நம்மவர்கள் சார்மினாரைப் பார்க்க வருகிறார்கள்; கோல்கொண்டாக் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள்; சாலார்ஜங் பொருட்காட்சிசாலையின் பழைய கடிகாரத்திலிருந்து சிறு பொம்மை வெளிவந்து மணியடிப்பதைக் காணக் கூட்டத்தோடு கூட்டமாகக் காத்திருக்கிறார்கள். சனத்நகரைப் பார்ப்பதற்கென்று ஒருவரும் வருவதில்லை. இங்கே வருகிறவர்கள் பிழைக்க வருகிறவர்கள். வந்தவர்கள் வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறார்கள். "சனத்நகரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பதே பெரும்பாலோர் விடை.

ஆனால் குழந்தைகளைக் கேட்டால் விடை வேறாக இருக்கும். இந்த ஊரில் அரக்கர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தப் புகைபோக்கியின் அடியில் உறங்குகிறார்கள், எந்தச் சந்தில் திரும்பினால் ஏழு கடல் தாண்டிய தீவுக்குப் போகலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைத் தமிழில் எழுதிக் காட்ட மட்டும் தெரியாது. அவர்கள் எழுதத் தொடங்கினால் என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஊரும் பேரும்

உருது மொழியில் 'ஸன்அத்' என்றால் தொழில் என்று பொருள். ஆகவே சனத்நகர் என்பது தொழில்நகர். நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலத்தில் நகரின் மேற்குப் புறத்தில் ஆலைகள் எழுந்தன. 1942இல் தொடங்கிய ஹைதராபாத் ஆல்வின் கம்பெனி பேருந்துகளுக்கு உடல் கட்டியது. பிற்பாடு குளிர்பதனப் பெட்டியும் கைக்கடிகாரமும் செய்தது. அந்தக் கம்பெனி இன்று இல்லை. ஆயினும் ஆல்வின் என்ற பெயரைப் பழைய தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் உறவினர் ஒருவரின் பெயரைப் போலவே உச்சரிக்கின்றன. தொழிலாளருக்கென்று எழுந்த ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும், பக்கத்தில் பாலாநகர், பத்தேநகர், எர்ரகட்டா, போரபண்டா ஆகிய பேட்டைகளும் சேர்ந்ததே நம் சுற்றுவட்டாரம்.

செகந்திராபாத்திலிருந்து வாடிக்குச் செல்லும் ரயில் பாதை 1874இல் திறக்கப்பட்டது. சனத்நகர் நிலையம் அந்தப் பாதையில் இருக்கிறது. இங்கிருந்து கிளை ஒன்று பிரிந்து, செகந்திராபாத்தைத் தொடாமலே மௌலாலிக்குச் சென்று சேருகிறது. நெடுங்காலம் பெரும்பாலும் சரக்கு வண்டிகளுக்கே உரியதாக இருந்த அந்தக் கிளையில் 2024 மார்ச் மாதத்திலிருந்து உள்ளூர்ப் பயணிகள் ரயிலும் ஓடுகிறது. பெரிய பெரிய கன்டெய்னர்களை ஏற்றி இறக்கும் கிடங்கும் இங்கே உண்டு. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்ட குழந்தை இந்த ஊரில் முதலில் கேட்பது, வேகன்கள் ஒன்றோடொன்று மோதி இணையும் ஓசையைத்தான். அது அரக்கன் பல்லைக் கடிக்கும் ஓசை என்று ஆறு வயதுப் பையன் ஒருவன் எனக்கு அறிவித்தான். சரக்குப் பிரிவில் குமாஸ்தாவாகப் பல ஆண்டு இருக்கிறேன். இவ்வளவு சரியான வருணனையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

நாலு மொழிக் குழந்தைகள்

தமிழர்கள் இந்தப் பக்கத்திற்கு நேற்று வந்தவர்கள் அல்லர். 1806இல் பெயர் பெற்ற செகந்திராபாத் தண்டுக்குச் சென்னைப் படையோடு வந்தவர்கள் உண்டு. 1893இல் ஏற்பட்ட லாலாகூடா ரயில்வே பணிமனையை நம்பி வந்தவர்கள் உண்டு. முன்பு வந்தவர்களின் பேரர்கள் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மொழி ஒரு குடும்பத்தை விட்டு ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில் எழுத்துப் போகிறது. பிறகு கதை போகிறது. கடைசியில் "சாப்பிட்டாயா", "தூங்கு", "சும்மா இரு" என்ற மூன்று சொற்கள் மிஞ்சுகின்றன.

இன்றைய குழந்தையின் சுமையையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். பள்ளியில் ஆங்கிலம், 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தெலுங்கு, அதன் பின் ஹிந்தி. தெருவில் மூன்றும் கலந்த தக்கணிப் பேச்சு. இவ்வளவுக்கும் பிறகு ஞாயிற்றுக்கிழமையன்று, "வா, 247 எழுத்தையும் எழுது" என்று நாம் நோட்டுப் புத்தகத்தை நீட்டுகிறோம். குழந்தைக்கு அது நாலாவது பாடமாகவே தெரிகிறது. மற்ற மூன்றிற்காவது மார்க்கு உண்டு, இதற்கு அதுவும் இல்லை. தெலுங்கில் நாலு 'க' படித்த குழந்தை, தமிழில் ஒரே 'க'வைக் கண்டு, "மீதி மூன்று எங்கே?" என்று கேட்கிறது. நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை சொல்லி முடிப்பதற்குள் கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது.

குழந்தை தமிழில் எழுதவேண்டுமானால், தமிழில் எழுதினால் மட்டுமே கிடைக்கும் ஏதாவது ஒன்று இருக்கவேண்டும். அத்தகைய பொருள் ஒன்று உண்டு. ஊரிலே இருக்கும் பாட்டியும் தாத்தாவும்தான் அது. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, தெலுங்கு தெரியாது. அவளுக்குக் கதை சொல்ல வேண்டுமானால் தமிழில்தான் சொல்லவேண்டும். அவளோ என்றும் இருப்பவள் அல்லள்.

மொட்டை மாடியில்

எங்கள் தெருவில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறு மாலைகளில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் குழந்தைகளைக் கூட்டுகிறோம். பெயர்ப் பலகை இல்லை, கட்டணம் இல்லை, ஆசிரியர் என்று யாரும் இல்லை. ஆறு வயது முதல் பதினொரு வயது வரை பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அங்கே ஆத்திசூடி மனப்பாடமும் உண்டு; ஆனால் அதற்கு முன்னால் கதை உண்டு.

முதல் விதி இது: எழுதத் தெரியாத குழந்தையும் கதை எழுதலாம். அது வாயால் சொல்லட்டும். பெரியவர் ஒருவர் சொன்னது சொன்னபடி எழுதட்டும். நாம் திருத்தவும் கூடாது, அழகுபடுத்தவும் கூடாது. 'பாம்பு வந்துச்சு, அப்புறம் வந்துச்சு, அப்புறமும் வந்துச்சு' என்றால் மூன்று முறையும் எழுதவேண்டும். எழுதியதைக் குழந்தைக்குப் படித்துக் காட்டவேண்டும். தன் வாயிலிருந்து போன சொல் தாளில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது குழந்தையின் முகத்தில் தோன்றும் ஆச்சரியத்தை நீங்கள் ஒருமுறை காணவேண்டும். 'பாம்பு' என்பது எது என்று கேட்டு, விரலை வைத்துப் பார்க்கும். மறுவாரம் பாம்பைத் தானே எழுதும். நியூஸீலந்தில் மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற அம்மையார், குழந்தை தானே கேட்டுப் பெறும் சொல்லே அதன் மனத்தில் தங்கும் என்று கண்டு, 1963இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். பாவ்நகரில் பாலர் பள்ளி நடத்திய கிஜுபாய் பதேகாவும் தம் 'திவாஸ்வப்ன' நூலில், அடங்காத வகுப்பைக் கதையால் வசப்படுத்தும் ஓர் ஆசிரியரையே படைத்தார்.

இரண்டாவது விதி: எழுத்துப் பிழையைக் கதை முடிகிற வரை பார்க்கக் கூடாது. 'மளை'யில் நனைந்த ராஜகுமாரன் 'மழை'யில் நனைந்தவனைக் காட்டிலும் குறைவாக நனைந்துவிடவில்லை. திருத்தம் அடுத்த வாரத்து வேலை. அப்போதும் ஒரு கதைக்கு மூன்று பிழைக்கு மேல் நாங்கள் தொடுவதில்லை.

மூன்றாவது விதி: தெலுங்கும் ஹிந்தியும் இடையில் வந்தால் விரட்டக் கூடாது. பேசுகிற பாத்திரத்திடம் கொடுத்துவிடலாம். எங்கள் கதைகளில் அரக்கர்கள் தெலுங்கு பேசுகிறார்கள், கிளிகள் ஹிந்தி பேசுகின்றன, கதை சொல்பவர் மட்டும் தமிழ் பேசுகிறார். இதில் யாருக்கும் குறை இல்லை.

இரண்டு சொற்களும் எட்டு வேற்றுமையும்

"எதைப் பற்றி எழுதுவது?" என்று விழிக்கும் குழந்தைக்கு ஒரு வழி உண்டு. இத்தாலியில் ஜான்னி ரொடாரி என்ற எழுத்தாளர் இருந்தார். பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். சிறுவர் இலக்கியத்திற்கான ஆண்டர்சன் விருதை 1970இல் பெற்றவர். கதை கட்டும் கலையை விளக்கி 1973இல் ஒரு நூல் வெளியிட்டார். சம்பந்தமில்லாத இரண்டு சொற்களை அருகருகே வைத்தால் கதை தானாகப் பிறக்கும் என்பது அவர் சொன்ன உபாயங்களில் ஒன்று. நாய், அலமாரி என்பது அவர் காட்டிய உதாரணம். இத்தாலிய மொழியில் இரண்டையும் இணைக்கச் சிறு இடைச்சொற்கள் உண்டு. நமக்கோ வேற்றுமை உருபுகள் இருக்கின்றன.

எங்கள் மாடியில் ஒரு நாள் பூனை, சரக்கு வண்டி என்ற இரண்டு சொற்களைக் கொடுத்தோம். சரக்கு வண்டியைத் தின்ற பூனை, பூனையால் ஓடும் சரக்கு வண்டி, பூனைக்குப் பயந்த சரக்கு வண்டி, சரக்கு வண்டியிலிருந்து குதித்த பூனை, பூனையினது சரக்கு வண்டி, சரக்கு வண்டிக்குள் பூனை, கடைசியில், "ஏ, பூனையே!" என்று ஒரு சரக்கு வண்டி கூப்பிட்டது. இரண்டாம் வேற்றுமை முதல் விளி வேற்றுமை வரை இலக்கணம் முழுவதும் பத்து நிமிடத்தில் வந்து போய்விட்டது. வேற்றுமை என்ற சொல்லை அன்று யாரும் சொல்லவில்லை. 'எனக்கு', 'என்னை' இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்த குழந்தை, யார் யாரைத் தின்றது என்பது தெளிவாக விளங்கவேண்டும் என்பதற்காக உருபைக் கவனித்து எழுதியது.

வேகன் எண்ணும் ஒரு பிரயாணக் கதையும்

என் தொழிலிலிருந்தும் ஒரு பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரயில் வேகன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பதினொரு இலக்க எண் எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. அடுத்த இரண்டு செய்யப்பட்ட ஆண்டு. அதற்கடுத்த நாலு அதன் தனி எண். கடைசி இலக்கம், எண்ணை எழுதுவதில் பிழை நேர்ந்தால் கண்டுபிடிக்க உதவுவது. சொந்தக்காரரைக் குறிக்கும் இடத்தில் 09 என்றிருந்தால் நம் தென்மத்திய ரயில்வே. 06 என்றிருந்தால் தென்னக ரயில்வே, அதாவது சென்னைப் பக்கத்தது. ஆனால் வேகன் தன் ரயில்வேக்குள்ளேயே இருப்பதில்லை. சுமை எங்கே போகிறதோ அங்கே போகும். அங்கே கிடைக்கும் சுமையை ஏற்றிக்கொண்டு வேறெங்கோ போகும்.

குழந்தைகளைப் பெரியவர் துணையோடு, டிக்கெட் வாங்கி, ரயில் நிலைய மேடைக்கு அழைத்துச் சென்று, தூரத்தில் இருந்தபடியே நிற்கும் வண்டியின் எண்களைப் படிக்கச் சொன்னோம். தண்டவாளத்தின் பக்கம் போகலாகாது என்பது முதல் நிபந்தனை. "06" என்று கண்டவுடன் "நம்ம ஊர் வண்டி!" என்ற கூச்சல் எழுந்தது. இது என் அண்ணனைவிட மூத்தது, இது என் தங்கையைவிட இளையது என்று வேகன்களுக்கு வயது கணக்கிட்டார்கள்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அதைக் கதையாக எழுதினாள். 06 எண்ணுள்ள ஒரு வேகனுக்கு ஊருக்குப் போக ஆசை. ஆனால் ஊருக்குப் போகிற சுமை கிடைத்தால்தான் ஊருக்குப் போகலாம், அதுதான் சட்டம். ஒரு முறை நிலக்கரி ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். ஒரு முறை சிமென்டு ஏற்றி மேற்கே அனுப்பினார்கள். வழியில் மலைப்பாம்பு ஒன்று சுரங்கப்பாதை போல வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது, வேகன் தப்பித்தது. ஆயினும் ஊர் வரவில்லை. முடிவில் சனத்நகரில் அது அழுதுகொண்டு நிற்கையில், ஒரு பெண் குழந்தை வந்து காரணம் கேட்டாள்.

இந்த இடத்தில் சிறுமி கையாண்ட யுக்தியைப் புரிந்துகொள்ளத் தெலுங்கு வழக்கம் ஒன்றை வாசகர்கள் அறியவேண்டும். தமிழில் கதை சொன்னால், 'எல்லோரும் சுகமாக இருந்தார்கள்' என்று முடிப்போம். தெலுங்கர்கள், 'கத கஞ்சிகி, மனம் இண்டிகி' என்று முடிப்பார்கள். கதை காஞ்சிக்கு, நாம் வீட்டுக்கு என்று பொருள். ஆந்திரத்திலும் தெலங்கானத்திலும் சொல்லப்படும் கதைகள் முடிந்தவுடன் புறப்பட்டுச் செல்லும் ஊர் நம் காஞ்சிபுரம்!

சிறுமியின் கதையில், அந்தப் பெண் குழந்தை தெருவிலுள்ள தெலுங்குப் பாட்டிகளின் கதைகளையெல்லாம் மூட்டை கட்டி வேகனில் ஏற்றினாள். கதை காஞ்சிக்குத்தானே போகவேண்டும்? ஸ்டேஷன் மாஸ்டர் வேறு வழியில்லாமல் பச்சைக் கொடி காட்டினார். வேகன் செங்கற்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே இருக்கும் காஞ்சிபுரத்திற்குப் போய்ச் சேர்ந்தது.

எட்டுப் பக்கம். பிழைகள் ஏராளம். காஞ்சிபுரம் ஜில்லாவிலிருக்கும் அவளுடைய பாட்டிக்கு அது தபாலில் போயிற்று. பாட்டி பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாளாம். "மூட்டை வந்து சேர்ந்தது, இரண்டு கதையை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறேன்" என்று தமிழில் பதில் எழுதினாள். அந்தக் கடிதத்தைப் படிப்பதற்காகவே சிறுமி அந்த வாரம் கூட்டெழுத்து எழுத்தைப் படிக்கப் பழகினாள்.

மந்திரத்திற்கும் சட்டம் உண்டு

வேகன் கதை நன்றாக அமைந்ததற்குக் காரணம் அந்தச் சட்டம்தான். சிறுவர்கள் முதலில் எழுதும் சாகசக் கதைகளில் வீரன் நினைத்ததெல்லாம் நடக்கும். பறப்பான், மறைவான், நூறு அரக்கரை ஒரே வெட்டில் வீழ்த்துவான். மூன்றாவது வரியில் கதை முடிந்துவிடும், எழுதியவனுக்கே சலித்துப்போகும். அப்போது நாம் கேட்கவேண்டிய கேள்விகள் சில: வீரனுக்கு என்ன வேண்டும்? அதை யார் தடுக்கிறார்கள்? அவன் மந்திரம் எப்போது பலிக்காது? உதவி செய்பவர் அதற்கு என்ன கூலி கேட்பார்? பறக்கும் கம்பளம் செவ்வாய்க்கிழமையில் பறக்காது என்று ஒரு கட்டுப்பாடு வைத்தால் போதும். கதை செவ்வாய்க்கிழமையை நோக்கித் தானாக ஓடும். விக்கிரமாதித்தன் வாய் திறந்தால் வேதாளம் மரமேறிவிடும் என்ற ஒரு சட்டத்தின் மீதுதானே அத்தனை கதைகளும் நிற்கின்றன?

பெரியவர்கள் சிலர், "இல்லாததை எழுதப் பழக்கினால் பொய் சொல்லப் பழகாதா?" என்று கேட்கிறார்கள். பொய் உண்மையை மறைக்கிறது. குழந்தையின் அற்புதக் கதையோ பல சமயம் உண்மையை நம் முன் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. எட்டு வயதுப் பையன் ஒருவன் எழுதியதைச் சொல்கிறேன். ஊரில் ஓர் இரும்பு அரக்கன் இருக்கிறான். இரவு பத்து மணிக்குச் சங்கு ஊதி அப்பாக்களை வரவழைத்து விழுங்குவான். காலையில் துப்பிவிடுவான். ஆனால் ஒவ்வொரு நாளும் அப்பாவிடமிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டுதான் துப்புவான். முதல் நாள் சிரிப்பு. இரண்டாம் நாள் பாட்டு. மூன்றாம் நாள் கதை. வீரன் அரக்கனின் வயிற்றுக்குள் இறங்கி மூன்றையும் ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு திரும்புகிறான்.

அவன் தந்தை பாலாநகரில் இரவு ஷிப்டு வேலை பார்ப்பவர். மாடியில் அந்தக் கதை படிக்கப்பட்டபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. ஷிப்டை மாற்றிக்கொள்ள அவரால் இயலாது. அது அவர் கையில் இல்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து, பகலில் உறங்கி எழுந்ததும் பையன் பள்ளியிலிருந்து வருகிற வேளையில் ஒரு கதை சொல்லிவிட்டுப் புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டேன். "அப்பா, நீங்கள் என்னோடு பேசுவதேயில்லை" என்று நேரில் சொல்ல எட்டு வயதில் யாருக்கு வாய் வரும்? அரக்கனைக் கொண்டு சொல்ல முடிந்தது.

முன்னே நடந்தவர்கள்

குழந்தைகள் கதை எழுதுவது புதுமை அன்று. இங்கிலாந்தில் ஹாவொர்த் என்ற சிற்றூரில் பாதிரியார் ஒருவர் இருந்தார். அயர்லாந்திலிருந்து வந்து அங்கே தங்கியவர். 1826 ஜூன் மாதத்தில் தம் மகனுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய் பொம்மைகள் வாங்கிவந்தார். நாலு குழந்தைகளும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துப் பெயர் வைத்து, அவர்களுக்கென்று நாடும் நகரமும் சண்டையும் கற்பித்துக்கொண்டார்கள். பிறகு அந்தச் சிப்பாய்கள் படிப்பதற்கு ஏற்ற அளவில், தீப்பெட்டிபோன்ற சிறு புத்தகங்களைத் தைத்துப் பொடி எழுத்தில் கதைகள் எழுதினார்கள். அந்தக் குழந்தைகளில் மூவர் ஷார்லட், எமிலி, ஆன் பிராண்டி. பின்னாளில் ஆங்கில நாவலாசிரியைகளாகப் புகழ் பெற்றவர்கள்.

நமக்கு இன்னும் அருகில் உள்ள உதாரணம் சென்னையில் இருக்கிறது. நாம் இங்கே வந்தது போலத் தெலுங்கர்கள் அங்கே சென்று வாழ்ந்தார்கள். தம் குழந்தைகள் தெலுங்கை மறக்கக் கூடாது என்று வெறுமனே கவலைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. சென்னை வானொலியில் 'ரேடியோ அண்ணய்யா' என்று பெயர் பெற்ற நியாயபதி ராகவராவும், 'ரேடியோ அக்கய்யா'வாகிய அவர் மனைவி காமேசுவரியும் 1945இல் 'பாலா' என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் தெலுங்கு நகைச்சுவை எழுத்தில் முதல்வரிசையில் நின்ற முள்ளபூடி வெங்கடரமணா 1931இல் பிறந்தவர். சிறுவராக இருந்தபோதே அவருடைய முதல் கதை 'பாலா'வில் வந்தது. அவருடைய நண்பர் ஓவியர் பாபுவும் சிறு வயதிலேயே அதில் படம் வரைந்தார். ராகவராவ் தம்பதியர் பின்னர் ஹைதராபாத்திற்கே வந்து, நாராயணகூடாவில் தங்கள் பாலானந்த சங்கத்தை நடத்தினார்கள்.

அதே சென்னையில் 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் ஒருங்கே தொடங்கினார்கள். நம் பெற்றோர் தமிழில் படித்து மயங்கிய அற்புதத் தொடர்களில் பலவற்றை முதலில் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்பிரமணியம். வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தனின் புகழ்பெற்ற படத்தை வரைந்தவர் தமிழரான சங்கர். அந்தப் பத்திரிகை இப்போது வெளிவருவதில்லை. ஆயினும் வேற்று மண்ணில் வாழ்ந்தவர்கள் தொடங்கிய கதைப் பத்திரிகை இரண்டு மொழிக் குழந்தைகளுக்கும் சொத்தாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர். ஆகவே, "எங்களுக்கு ஆபீஸ் இருக்கிறதே!" என்று நம்மில் யாரும் சொல்லித் தப்பிக்க இயலாது.

ஏரிக்கரைப் பாடம்

மாதத்தில் ஒரு நாள் குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்வது நல்லது. பாரத்நகரில் உள்ளூர் ரயில் ஏறி நெக்லஸ் ரோடு நிலையத்தில் இறங்கினால் ஹுஸேன் சாகர் ஏரிக்கரை. குதுப்ஷாஹி மன்னர் இப்ராஹிம் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. ஏரியின் நடுவே ஒரே கல்லாலான புத்தர் சிலை நிற்கிறது. 1990 மார்ச்சில் அதை ஏற்றிச் சென்ற மிதவை கவிழ்ந்து, உடன் சென்றவர்கள் சிலர் உயிரிழந்தனர். சிலை ஏரிக்குள் மூழ்கியது. 1992 டிசம்பரில்தான் மேலே எடுத்து நிறுத்தினார்கள். அந்த இரண்டே முக்கால் ஆண்டு காலம் புத்தர் தண்ணீருக்கடியில் என்ன செய்தார்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தோம். மீன்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார் என்றான் ஒருவன். "இறந்துபோனவர்களுக்குத் துணையாக இருந்தார்" என்றாள் ஒரு சிறுமி. சற்று நேரம் எவரும் பேசவில்லை.

கோல்கொண்டாவின் நுழைவாயிலில் கைதட்டினால் உச்சியிலுள்ள மண்டபத்தில் கேட்கும். போரபண்டாவுக்கு அப்பால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் கருங்கற்பாறைகள் மனிதர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அப்படி நின்றவை. இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு கதையின் முதல் வரி. நம் குழந்தைகளின் தமிழ், காவிரியையும் பொதிகையையும் மட்டும் பாடிக்கொண்டிருந்தால், அது தாத்தாவின் ஊர் மொழியாகவே நின்றுவிடும். சனத்நகரின் புகைபோக்கியும் ஹுஸேன் சாகரின் மீனும் அதற்குள் புகுந்தால்தான் அது அவர்களுடைய மொழியாகும்.

செய்ய வேண்டியது

வேண்டிய பொருள்கள் அதிகமில்லை. நாலு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்துத் தைத்தால் பதினாறு பக்கப் புத்தகம். மேல் பக்கத்தில் பெயர், எழுதியவர் பெயர், கீழே 'சனத்நகர் வெளியீடு' என்று போடவேண்டும். குழந்தைகள் இதில் மிகவும் கண்டிப்பானவர்கள். ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் எழுத்து. முடிந்ததும் கூட்டத்தில் உரக்கப் படிக்கவேண்டும். கேட்பவர்கள் குறை சொல்லாமல், "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேட்கவேண்டும். பரிசு கூடாது, பரிசு வந்தால் ஒருவன் எழுதுவான், ஒன்பது பேர் நிறுத்திவிடுவார்கள். பிறகு ஒரு பிரதியைக் கைப்பட எழுதச் சொல்லி ஊருக்குத் தபாலில் அனுப்பவேண்டும். தொலைபேசியில் படம் பிடித்து அனுப்புவது எளிது; ஆனால் பாட்டி தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளத் தக்கது தைத்த புத்தகமே.

நம் சங்கத்துக் குடும்பங்கள் குக்கட்பள்ளியிலும் மல்காஜ்கிரியிலும் லாலாகூடாவிலும் இருக்கின்றன. ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு மொட்டை மாடி இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு குழந்தைகளை உட்கார்த்தி, சம்பந்தமில்லாத இரண்டு சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். எழுதியதை இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால் மாதம் ஒரு பக்கம் அவர்களுக்கு ஒதுக்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்வோம். பிழை திருத்தாமல் அச்சிடவேண்டும் என்பது குழந்தைகள் சார்பில் என் விண்ணப்பம்.